நான்கு கோப்ளின்களின் எடை

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் தொடர்க.

2014 ஜூலையில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, புதியவர்களுக்கான ஒரு தொடக்கப் பெட்டியுடன் வெளிவரத் தொடங்கியது. அப்பெட்டியில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' என்னும் சாகச நூல் இருந்தது. அதன் முதல் நிகழ்வு எளியது. சரக்கு வண்டியுடன் ஒரு குழு காட்டுவழியே செல்கிறது. பாதையில் இரு குதிரைகள் இறந்துகிடக்கின்றன. இருமருங்கும் புதர்களில் நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருக்கின்றன. கதையில் இது வெறும் வாயிற்படி. ஆனால் இவ்வாயிற்படியிலேயே மாண்ட குழுக்கள் பல. இந்த ஆட்டத்தை ஆடுவோரிடையே இப்பதுங்குத் தாக்குதல் பெயர்பெற்றது.

அறியாதோர்க்கு ஒரு சொல். இவ்வாட்டத்தில் ஒருவர் நடுவராகவும் கதைசொல்லியாகவும் இருந்து உலகை விவரிப்பார். அவரை நடத்துநர் என்கிறேன். பேருந்து நினைவுக்கு வந்தால் பொறுத்தருள்க. ஏனையோர் ஆளுக்கொரு வீரரையோ மந்திரவாதியையோ ஏற்று, தம் செயல்களை வாய்மொழியாகக் கூறுவர். முடிவு ஐயமாயிருக்கும் இடத்தில் பகடை உருளும். எதிரே வரும் பூதங்களின் வலிமையைக் குழுவின் வலிமைக்கு ஏற்ப அமைப்பதையே ஆட்டக்காரர்கள் 'பேலன்ஸ்' என்கின்றனர். என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் விதிநூல்களை மொழியியல் கண்கொண்டு வாசித்தபோது, சமநிலையின் வரலாறு பெரும்பாலும் சொற்களின் வரலாறாகவே எனக்குப் பட்டது.

இவ்வரலாறு வழக்கமாக இரு வகையில் சொல்லப்படுகிறது. தொடக்ககால ஆட்டம் கணக்கற்ற காடாக இருந்தது, பின்வந்தோர் அறிவியல் முறைப்படி அதைச் சீரமைத்தனர் என்பது முதல் வகை. தொடக்கத்தில் ஆட்டம் உண்மையான அபாயம் நிறைந்த உலகாக இருந்தது, பின்வந்தோர் அதைக் குழந்தைகள் பூங்காவாக்கினர் என்பது இரண்டாவது. 2006இல் வெளிவந்த 'ஆஸ்ரிக்', 2008இல் மேத்யூ ஃபின்ச் எழுதிய சிறு கையேடு ஆகியவற்றால் வலுப்பெற்ற பழமை மீட்பு இயக்கத்தில் இந்த இரண்டாம் கதை வேரூன்றியது. இரண்டு கதைகளும் ஒரே தவறான முற்கோளில் நிற்கின்றன: 1974இல் சமநிலை என்று ஒன்று இல்லை என்பதே அது. மூல நூல் வேறாகப் பேசுகிறது.

மூலத்திற்குச் செல்லும் முன் அதன் மூதாதையரைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிரஷ்யப் படையில் இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில் நடுவர் உண்டு, பகடை உண்டு. இரு தரப்பும் சமமாயிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. போர் நியாயமானதன்று என்பதை அதிகாரிகளுக்குக் கற்பிப்பதே அதன் பயன். 1876இல் வெர்டி டு வெர்ன்வா அட்டவணைகளைக் குறைத்து, நடுவரின் தீர்ப்பை மேலே ஏற்றினார். மறுபுறம், பொழுதுபோக்காகப் பொம்மைப் படைகளை மோதவிட்ட இருபதாம் நூற்றாண்டுச் சங்கங்களுக்கு நியாயம் இன்றியமையாதது. ஒருவர் மட்டும் எப்போதும் வெல்லும் ஆட்டத்திற்கு மறுவாரம் எவரும் வரமாட்டார். ஆகவே படைப்பிரிவுகளுக்குப் புள்ளிவிலை இடும் வழக்கம் பரவியது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' விதிநூல் இவ்வழியில் வந்தது. அதன் மாயக்கதை இணைப்பில் டிராகனுக்கும் புள்ளிவிலை உண்டு. நியாயம் தேவைப்படாத நடுவர் மரபு ஒன்று, நியாயத்தை எண்ணால் அளக்கும் சங்க மரபு ஒன்று என இரண்டும் 1974இல் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன.

அந்தப் பெட்டி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய மூன்று சிறு நூல்களைக் கொண்டது. முதல் அச்சு 1000 படிகள். அதில் கோப்ளின் எத்தனை எதிர்ப்படும் என்ற பகுதியைப் பார்த்தால் 40 முதல் 400 வரை என்றிருக்கும். ஓர்க் 30 முதல் 300. பழமை மீட்பாளர்கள் பெருமையுடன் சுட்டும் இடம் இது. ஆனால் இவை முதன்மையாக வெட்டவெளிக்கு உரிய எண்கள். நிலவறைக்கான நெறி மூன்றாம் நூலில் இருக்கிறது. பூதத்தின் நிலையும் தளத்தின் ஆழமும் ஏறத்தாழ ஒத்திருந்தால் எண்ணிக்கை ஒன்றை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஓர்க் போன்றவை கூட்டமாக வரும். குழுவில் ஒருவர் முதல் மூவர் வரை இருந்தால் அந்த அடிப்படை எண்ணே, நால்வர் முதல் அறுவர் எனில் இருமடங்கு, எழுவர் முதல் ஒன்பதின்மர் எனில் மும்மடங்கு. குழுவின் அளவுக்கு ஏற்ப எதிரியின் அளவை மாற்றும் விதி இது. 'பேலன்ஸ்' என்ற பெயர்தான் அதற்கு இடப்படவில்லை.

இதனினும் நுட்பமான சமநிலை ஒன்று அந்நூல்களில் இருந்தது. அது 'லெவல்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. வீரரின் தேர்ச்சிக்கும் லெவல், நிலவறைத் தளத்திற்கும் லெவல், மந்திரத்தின் தரத்திற்கும் லெவல், பூதத்தின் வலிமைக்கும் லெவல். புதியவர்கள் குழம்புவது இயல்பே. 1978இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் இதை ஒப்புக்கொண்டு, வீரருக்கு 'ரேங்க்', மந்திரத்திற்குப் 'பவர்', பூதத்திற்கு 'ஆர்டர்' எனத் தனித்தனிச் சொற்கள் முன்பு எண்ணப்பட்டதாகவும், பழகிய சொல்லே நிலைத்துவிட்டதாகவும் எழுதுகிறார். பலபொருள் ஒருமொழியைக் குறையாகக் கருதும் எழுத்தாளரின் இயல்பான சங்கடம் இது. என் வாசிப்பு வேறு. அந்தப் பலபொருண்மையே ஆட்டத்தின் சமன்பாட்டைத் தாங்கியது. மூன்றாம் தளத்தில் பெரும்பாலும் மூன்றாம் தரத்தை ஒட்டிய பூதங்கள் இருக்கும், மூன்றாம் நிலை வீரர்கள் அங்கே செல்லலாம் என்ற செய்தியை ஒரு சொல்லின் ஒலியே ஆட்டக்காரருக்குச் சொல்லிவிடுகிறது. தமிழில் பெயர்த்தால் தளம், படிநிலை, தரம் என்று பிரித்தே எழுதத் தோன்றும். கைகாக்ஸ் கைவிட்டதைத் தமிழ் தானாகவே செய்துவிடும். ஆனால் அச்சமன்பாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பரிசிலும் இதே கணக்குத்தான். எட்டாம் நிலை மந்திரவாதி ஐந்தாம் தளத்தில் திரிந்தால் அவருக்கு உரிய அனுபவப் புள்ளியில் எட்டில் ஐந்து பங்கே கிடைக்கும் என்ற எடுத்துக்காட்டை முதல் நூலே தருகிறது. மேல்தளத்தில் பாதுகாப்பாகச் சுற்றுவோர்க்குக் கூலி குறைவு. கீழே இறங்கினால் கூலி மிகுதி, சாவும் அருகில். எங்கே நிற்பது என்பதை ஆட்டக்காரரே முடிவுசெய்வர். படிக்கட்டின் ஒவ்வொரு படியும் ஒரு கேள்வி. விடை சொல்வது குழு. ஆகவே ஒரு வீரர் மாண்டால் 'ஏன் இறங்கினாய்?' என்று நடுவர் கேட்க இயலும். 'ஏன் இத்தனை பூதங்களை வைத்தாய்?' என்று ஆட்டக்காரர் கேட்பதற்கு அங்கே இடம் குறைவு.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: 'என்கவுன்ட்டர்'. 1974 நூல்களில் அது சந்திப்பையே குறிக்கிறது. எதிர்ப்பட்டது என்ன, எவ்வளவு தொலைவில், யார் யாரை முதலில் கண்டார் என்பன முதலில் தீர்மானமாகும். பின்னர் அறிவுள்ள பூதம் எனில் இரு பகடை உருட்டி அதன் மனநிலை அறியப்படும்: 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை ஐயம், 9 முதல் 12 வரை நட்பு. 36 சேர்க்கைகளில் 10 மட்டுமே பகை, அதாவது 28 விழுக்காட்டுக்கும் குறைவு. டாம் மோல்ட்வே 1981இல் தொகுத்த அடிப்படை நூல் இதனோடு மனவுறுதி எண்ணையும், விரும்பினால் பயன்படுத்தும் விதியாகத் தந்தது. கோப்ளினின் மனவுறுதி 7. கூட்டத்தில் ஒன்று மாண்டதும் இரு பகடை உருட்டி 7ஐத் தாண்டினால் எஞ்சியவை பின்வாங்கும். 36இல் 15 வாய்ப்பு. நான்கு கோப்ளின்களில் முதலாவது விழுந்ததும் ஏனையவை ஓடிவிட 42 விழுக்காட்டு வாய்ப்பு உண்டென்றால், அந்நால்வரின் எடை நான்கு அன்று.

காலப்போக்கில் இச்சொல் சுருங்கியது. புதிய பதிப்புகளில் 'என்கவுன்ட்டர் அமைத்தல்' என்ற அதிகாரம், சண்டை அமைத்தல் என்றே பொருள்படுகிறது. பேச்சுக்கும் தப்பியோடலுக்கும் அந்த எண்களில் இடம் இல்லை. பொருள் சுருக்கம் என்று மொழியியலார் கூறும் இம்மாற்றத்திற்கு நம்மிடம் இன்னும் கொடிய சான்று உண்டு. இந்தியச் செய்தித்தாள்களில், தமிழ் உட்பட, இச்சொல்லுக்குச் 'சந்திப்பு' என்னும் பொருள் எஞ்சவே இல்லை. காவல்துறையின் துப்பாக்கியால் ஒருவர் மாள்வதே அதன் பொருள். இரு மாற்றங்களுக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் அமர்ந்து இவ்விதிநூல்களைப் படிப்பவர்க்கு அந்த அதிகாரத் தலைப்பு ஒரு கணமாவது உறுத்தாமல் இராது.

மாற்றம் எங்கே தொடங்கியது? என் ஊகம், நிலவறையை விட்டுக் கதை வெளியேறிய இடத்தில். 1984இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகசத் தொடர் ஒரு காவியத்தை ஆடிக்காட்ட முயன்றது. அதில் பெயர்பெற்ற பாத்திரங்கள் இடைவழியில் மாளக்கூடாது. ஆகவே அவர்கள் மாண்டாலும் உடல் கிடைக்காதபடி செய்து, பின்னர் மீளவிடும் உத்தி ஒன்றை ஆசிரியர்கள் நடத்துநருக்குப் பரிந்துரைத்தனர். இங்கே படிக்கட்டு இல்லை. அடுத்த காட்சியில் எது வரும் என்பதைத் தேர்ந்தவர் ஆசிரியர். தேர்வு யாரிடம் உள்ளதோ பொறுப்பும் அவரிடமே. 1989இல் இரண்டாம் பதிப்பு, பொன்னுக்கு அனுபவப் புள்ளி தரும் விதியை விருப்பத்திற்கு விட்டது. அதுவரை, திருடிக்கொண்டு தப்புவதே சண்டையை விட ஆதாயமான தொழில். அந்த ஊக்கம் தளர்ந்தபின் சண்டையே நடுநாயகமாயிற்று. 1991இன் 'ரூல்ஸ் சைக்ளோபீடியா' குழுவினரின் நிலைகளைக் கூட்டி எதிரிகளின் வலிமையோடு விழுக்காட்டில் ஒப்பிடும் ஒரு முறையை விருப்ப விதியாகத் தந்தது. அது பரவலாகக் கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

2000இல் மூன்றாம் பதிப்பு. ஜொனத்தன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் 'சேலஞ்ச் ரேட்டிங்' என்னும் எண்ணை ஒவ்வொரு பூதத்திற்கும் சூட்டினர். மதிப்பு 5 என்றால் ஐந்தாம் நிலை வீரர் நால்வருக்கு அது தக்க எதிரி. அவர்களின் வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்க வைக்கும். எண்ணிக்கை இருமடங்கானால் மதிப்பில் 2 கூடும். ஒரு சாகசத்தில் சண்டைகள் எவ்விகிதத்தில் அமையலாம் என்பதற்கும் அட்டவணை உண்டு: பாதி தக்கவை, 15 விழுக்காடு மிகக் கடினம், 5 விழுக்காடு வெல்லவியலாதவை. அந்த 5 விழுக்காட்டைப் பலர் மறந்துவிட்டனர். ஓடவேண்டிய எதிரி ஒன்று இருக்கவேண்டும் என்பதைச் சமநிலையின் பேரேடே எழுதிவைத்திருந்தது.

இவ்வெண்ணின் குறை, அது பூதத்தின் உடைமை போலத் தோன்றுவது. வலிமை உண்மையில் ஓர் உறவு. 2003இன் திருத்தப் பதிப்பில் வௌவால் கூட்டத்தின் மதிப்பு 2. அக்கூட்டத்தை ஆயுதத்தால் காயப்படுத்த இயலாது. தீ மந்திரம் கைவசம் உள்ள குழுவுக்கு அது ஒரு நொடி வேலை. வாளும் வில்லும் மட்டுமே உள்ள குழுவுக்கு அந்த 2 எந்தப் பொருளும் தராது. ஒரு வினாத்தாளின் கடினத்தை, எழுதும் மாணவரைக் கருதாமல் எண்ணால் குறிப்பதில் உள்ள இடர்ப்பாடே இதுவும்.

2008இன் நான்காம் பதிப்பு இதற்கு வேறு வழி கண்டது. பூதத்தை முதலில் படைத்துவிட்டுப் பிறகு எடைபோடுவதற்கு மாறாக, எடையை முதலில் நிறுத்திப் பிறகு பூதத்தை அதற்குள் அடைத்தது. முதல் நிலைச் சராசரி எதிரி 100 புள்ளி. இரட்டை வலிமையுள்ளது எலீட், ஐந்து மடங்குள்ளது சோலோ, நான்கு சேர்ந்து ஒன்றுக்கு இணையானவை மினியன். மினியனுக்கு உயிர்ப் புள்ளி ஒன்றே. பலரும் பழிக்கும் பதிப்பு இது. என் மதிப்பீட்டில் கணக்கில் மிக நேர்மையானதும் இதுவே. கணக்குப் பிசகியபோது வெளிப்படையாகத் திருத்தவும் செய்தனர்: சண்டைகள் இழுபட்டதால் 2010இன் மூன்றாம் பூதநூலில் எதிரிகளின் தாக்குதல் சேதம் உயர்த்தப்பட்டது.

இப்போது ஐந்தாம் பதிப்பின் கோப்ளின்களிடம் செல்லலாம். 2014 டிசம்பரில் வந்த நடத்துநர் கையேட்டின்படி முதல் நிலை வீரர் ஒருவருக்கு எளிது 25, நடுத்தரம் 50, கடினம் 75, கொடியது 100 என்பன எல்லைகள். கோப்ளின் ஒன்றுக்கு 50 புள்ளி. ஆனால் எதிரிகள் பலராயின் கூட்டுத்தொகையைப் பெருக்க வேண்டும்: இருவர் எனில் ஒன்றரை, மூவர் முதல் அறுவர் வரை இரண்டு, எழுவர் முதல் பதின்மர் வரை இரண்டரை, இப்படி ஏறும்.

இப்பெருக்கியின் உள்ளே இருப்பது என்ன? பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் பிரித்தானியப் பொறியாளர் 1916இல், வானூர்திப் போர் பற்றிய நூலில், ஒருமுகப்பட்டுச் சுடும் படையின் ஆற்றல் அதன் எண்ணிக்கையின் இருபடிக்கு ஏற்ப வளரும் என்று காட்டினார். அதை நம் மேசைக்குக் கொண்டுவருவோம். சுற்றுக்கு ஒரு கோப்ளினைக் குழு வீழ்த்துகிறது, உயிரோடுள்ள ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒருமுறை தாக்குகிறது, முந்திக்கொள்வது கோப்ளின் என்று கொள்வோம். ஒன்று எனில் மொத்தத் தாக்குதல் 1. இரண்டு எனில் 2+1, அதாவது 3. மூன்று எனில் 6. நான்கு எனில் 10. கையேட்டின் பெருக்கியோ இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 8 தருகிறது. முதல் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன! அதன்பின் கையேட்டு எண் பின்தங்குகிறது. பத்துக்கு நம் கணக்கு 55, கையேட்டில் 25. இது பிழையன்று என்பது என் கருத்து. கூட்டம் பெருகப் பெருக, ஒரே மந்திரத்தில் பலரைச் சாய்ப்பதும் இடுக்கு வாயிலில் நின்று மறிப்பதும் எளிதாகும். வடிவமைப்பாளர்கள் லான்செஸ்டரை வைத்துத்தான் கணக்கிட்டனர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மெய்ம்மையை இரு வழிகளில் தொட்டிருக்கின்றனர் என்றே கொள்கிறேன்.

ஆக, நான்கு கோப்ளின்கள்: 200 புள்ளி, இரண்டால் பெருக்க 400. நால்வர் குழுவின் 'கொடியது' எல்லை மிகச் சரியாக 400. புதியவர்கள் முதன்முதலாகக் காணும் சண்டை, ஒருவரேனும் மாளக்கூடும் என்று அதே நிறுவனத்தின் கையேடு எச்சரிக்கும் வகையைச் சேர்ந்தது. ஐவர் குழு எனில் கொடிய எல்லை 500 ஆகும். சண்டை 'கடினம்' என்ற அளவில் நிற்கும். வாசலில் ஒரு நாற்காலி கூடுவதாலோ குறைவதாலோ சண்டையின் பெயரே மாறிவிடுகிறது. கோப்ளினின் அடி ஒன்றுக்குச் சராசரி 5 சேதம். முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி பத்தைத் தொடுவதே அரிது. இரு அம்புகள் போதும். சாகச நூலின் ஆசிரியர்கள் இதை உணராமல் இல்லை. குழு தோற்பது அரிது என்று கூறிக்கொண்டே, அப்படித் தோற்றால் கோப்ளின்கள் அவர்களை மயங்கிய நிலையில் விட்டுவிட்டுப் பொருள்களைப் பறித்துக்கொண்டு குகைக்குத் திரும்பும் என்றொரு குறிப்பையும் எழுதிவைத்தனர். எண் காக்கத் தவறிய உயிரைக் காக்க உரைநடை தேவைப்பட்டது.

நான்காம் பதிப்பில், முதல் நிலைக் கோப்ளின் வீரர் நால்வருக்கு 400 புள்ளி. நால்வர் குழுவின் ஒதுக்கீடும் 400. அதன் பெயர் அங்கே 'இயல்பானது'. 2024 நவம்பரில் வந்த புதிய கையேட்டில் பெருக்கி முற்றாக நீக்கப்பட்டது. முதல் நிலைக்கான எல்லைகள் தலைக்கு 50, 75, 100. நான்கு கோப்ளின்களின் 200 புள்ளி, நால்வர் குழுவின் கீழ் எல்லையோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது. 2008இல் இயல்பானது, 2014இல் கொடியது, 2024இல் குறைவு. இடையில் வீரர்களும் கோப்ளின்களும் சற்றே மாறியிருக்கின்றனர் என்பது உண்மை. கொடியதிலிருந்து குறைவுக்கு இறங்கும் அளவுக்கு மாறவில்லை.

எண்களை விடப் பெயர்களே என்னை நிறுத்துகின்றன. 2014இன் பெயர்கள் எளிது, நடுத்தரம், கடினம், கொடியது. 2024இன் பெயர்கள் குறைவு, மிதம், மிகுதி. 'கொடியது' ஒரு முன்னுரைப்பு. பொய்த்தால் நூலைக் குறை சொல்லலாம். 'மிகுதி' ஓர் அளவு மட்டுமே. எதன் மிகுதி என்பதை மேசையில் அமர்ந்திருப்போர் கண்டுகொள்ள வேண்டும். நீக்கப்பட்ட பெருக்கியும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒரு வீரருக்கு இரண்டுக்கு மேற்பட்ட எதிரிகளை வைப்பதாயின் எளிதில் வீழ்பவற்றையே சேர்க்குமாறும், முதலிரு நிலைகளில் இதைச் சிறப்பாகக் கவனிக்குமாறும் புதிய கையேடு நடத்துநருக்கு அறிவுரை கூறுகிறது. அட்டவணையிலிருந்து வெளியேறிய எண், பத்திக்குள் ஓர் அறிவுரையாக அமர்ந்திருக்கிறது.